சிலோன்காரம்மாவின் கம்பி ரேடியோ

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அந்த அம்மாளின் லாட்ஜ் இருந்தது. கீழே ஏழு, மாடியில் ஏழு, ஆகப் பதினாலு அறைகள். ஒவ்வொரு அறையிலும் கை எட்டாத உயரத்தில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பீக்கர். சத்தத்தைக் குறைக்கப் பெட்டியில் திருகு கிடையாது. நிறுத்த சுவிட்சும் கிடையாது. பதினாலு பெட்டிகளின் கம்பிகளும் தாழ்வாரத்து உத்தரம் வழியாக ஓடி, மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறைக்குள் போய்ச் சேரும். அங்கே இரண்டு டேப் ரிக்கார்டர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரேடியோ, பிரம்பு நாற்காலியில் அந்த அம்மாள்.

எல்லோரும் அவரைச் சிலோன்காரம்மா என்றார்கள். பிறந்தது என்னவோ தென்காசிப் பக்கம்தான். கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவர் இறந்த பிறகு, இருந்ததை எல்லாம் விற்றுக் கொண்டுவந்து இந்தக் கட்டடத்தை வாங்கினார். எழுபதுகளின் கடைசியில் நான் பார்த்தபோது ஐம்பது வயது இருக்கும். உயரமான ஆள். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். ஆனால் உட்கார்ந்தவரை எழுந்துபோகவும் விட மாட்டார்.

சீசனில் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, ஈரத்தலையோடு வந்து கட்டிலில் சாய்ந்தால், சுவரிலிருந்து ஒரு கிழவி ஒப்பாரி வைப்பாள். அதை எதிர்பார்த்து யாரும் அறை எடுப்பதில்லை. ஒரு மதுரைக்காரர் துண்டோடு இறங்கி வந்து கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏம்மா, நாலு நாள் சந்தோசமா இருக்கலாம்னு வந்திருக்கோம். எழவுப் பாட்டப் போடுறீங்களே. நல்ல பாட்டு ஏதும் இல்லையா?"

"இது நல்ல பாட்டுதான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. செத்தவன் எம்புட்டுக் கெட்டிக்காரன்னு இனிமேதான் சொல்லுதா."

"சினிமாப் பாட்டுப் போடுங்கம்மா."

"அதுக்கு வெளியில ஒரு நடை நடந்தாப் போதும். அருவிக்கரையில எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கான். காது நெறைய கேட்டுட்டு வாங்க."

எட்டு அல்ல, பதினொன்று. நான் எண்ணியிருக்கிறேன்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அருவிக்கரையில், பஸ் நிலையத்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கும் சினிமாப் பாட்டுத்தான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ரேடியோவில் விடிந்தது முதல் அதுதான். நம்முடைய அரசாங்க ரேடியோவில் செய்தி, விவசாயம், கச்சேரி எல்லாம் போக மிச்ச நேரத்தில் அதுதான். வில்லுப்பாட்டு, கணியான் பாட்டு, நடவுப் பாட்டு, பக்கீர்கள் தெருவில் கொட்டடித்துப் பாடுவது, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசாங்க ரேடியோ வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தது. சிலோன்காரம்மாவின் கம்பிகளில் இவை மட்டும்தான் ஓடின. அவரே கோயில் கொடைகளுக்கும் வயல்வரப்புகளுக்கும் எழவு வீடுகளுக்கும் போய் டேப்பில் பிடித்து வந்தவை.

நான் அப்போது தென்காசித் தபால் நிலையத்தில் ரேடியோ லைசென்ஸ் பார்க்கும் குமாஸ்தா. ரேடியோ வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் தபால் நிலையத்துக்கு வந்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய காலம் அது. எந்தத் தெருவில் எத்தனை ரேடியோ என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

சிலோன்காரம்மா அனுமதியில்லாமல் தனியாக ரேடியோ ஸ்டேஷன் நடத்துகிறார் என்று பக்கத்து லாட்ஜ்காரர் ஒரு மனுப் போட்டார். விசாரிக்கத் திருநெல்வேலியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை. துணைக்கு என்னை அழைத்துப் போனார். நாங்கள் நுழைந்தபோது வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டேஷன் எங்கம்மா இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நீங்க நிக்கிய எடம்தான்."

"ஆகாயத்துல அனுப்புறீங்களா?"

"பதினாலு ரூமுக்கு ஆகாயம் எதுக்கு? கம்பியிலதான் போவுது."

"அப்ப இது ரேடியோவே இல்லையே."

"நான் எப்ப ரேடியோன்னு சொன்னேன்? பக்கத்து லாட்ஜ் அண்ணாச்சில்லா சொல்லுதாவ."

இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தி, பாட்டு முடியட்டும் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தோம். டீ வந்தது. குடித்தோம். பாட்டு முடியவில்லை. மழை வந்து, விட்டும் போனது. பாட்டு விடவில்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கும்மா?"

"இப்பத்தான கல்யாணம் முடிஞ்சிருக்கு. பிள்ளை பொறக்கணும், வளரணும், சண்டை போடணும்."

"சாகணுமா?"

"பின்ன?"

இன்ஸ்பெக்டர் பிள்ளை பிறந்ததும் எழுந்துவிட்டார். கம்பியைப் பற்றித் தன் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பிள்ளை யாரோடு சண்டை போடும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படித்தான் அங்கே போகிற வழக்கம் ஏற்பட்டது. இசைமேல் எனக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. எண்ணிக் கொண்டிருந்த ஒன்று பாதியில் நின்றால் மட்டும் எனக்குத் தூக்கம் வராது.

அந்த அம்மாளுக்கும் அதுதான் குணம், என்னைவிடப் பல மடங்கு. தொடங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்த மாட்டார். பாதியிலிருந்து தொடங்கவும் மாட்டார். அவர் எதைச் செய்தாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கும். பாட்டைப் பிடிக்கும்போது கேசட்டில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்புவதற்குள் நாலு வரி போய்விடும் என்பதற்காக, அரபு நாட்டிலிருந்து வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் இரண்டாவது மெஷின் வாங்கினார். முதல் மெஷினில் நாடா தீரப்போகும்போதே இரண்டாவதை ஓட விட்டுவிடுவார். கொடைக்குப் போனால் வில்லுக்காரர் எழுந்து கைகால் கழுவப் போகும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "அவரு எந்திரிக்கட்டும்" என்பார்.

வெள்ளிக்கிழமைக் கால் மணி நேரத்தை மட்டும் ரேடியோவிலிருந்தே எடுத்து அறைகளுக்கு விடுவார். அறிவிப்பாளர் குரல் பாட்டின் குறுக்கே நுழைந்ததும் ரேடியோவை மூடிவிட்டு, அதே கதை தன்னிடம் இருந்தால் முதலிலிருந்து முழுதாகப் போடுவார். "அவங்க காட்டினாவ. நான் குடுக்கேன்" என்பார். துணிக்கடைக்காரர் பேசுவது மாதிரி இருக்கும்.

இந்தக் குணம் எனக்குச் சங்கடமாக இருந்த ஒரு சமயமும் உண்டு. ஆறாம் எண் அறையில் சாத்தூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல். மனிதர் கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு ஏறிப் பெட்டிக் கம்பியைப் பிய்த்துவிட்டார். கீழ் வரிசைப் பெட்டிகள் ஏழும் நின்றுபோயின. அம்மாள் குறட்டோடு வந்தார். நானும் பின்னால் போனேன்.

"ஏன்யா பாட்ட அறுத்தீரு?"

"பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதும்மா. கண்ணு மூட மாட்டேங்குறான்."

அம்மாள் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டில் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கிடத்தினார். அந்தக் கட்டடத்தில் பெட்டி இல்லாத அறை அது ஒன்றுதான். டாக்டருக்கு ஆள் அனுப்பினார். கஞ்சி வைக்கச் சொன்னார். எல்லாம் முடித்துத் திரும்பி வந்து, ஆறாம் எண்ணில் ஏறிக் கம்பியை முறுக்கிவிட்டு, நின்ற பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். மற்ற அறைக்காரர்கள் முன்பாதியை இரண்டாம் தடவை கேட்டார்கள். அவருக்குப் பிள்ளைமேல் இரக்கமா, பாட்டின்மேல் இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இனி ராயகிரி அண்ணாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டில் தலைமைப் பாட்டுக்காரரை அண்ணாவி என்பார்கள். ராயகிரிக்காரரான இவருக்கு அப்போது நாற்பது வயது. சுந்தரபாண்டியபுரத்துக்கு வடக்கே ஓர் ஊரில் மடைச்சாமி என்று ஒரு கோயில். பெருமழையில் குளம் உடையப் பார்த்தபோது, மடையில் விழுந்த உடைப்பை அடைக்க வழியில்லாமல் தன் உடம்பையே கொடுத்து நின்று செத்த காவல்காரன்தான் அந்தச் சாமி. அவன் கதையை முழுதாகப் பாடத் தெரிந்தவர் இந்த அண்ணாவி ஒருவரே. அவருடைய அப்பா கட்டிய பாட்டு. சிலோன்காரம்மா ஒரு கொடையில் அதை மூன்று மணி நேரமும் பிடித்து, நாலு கேசட்டில் வைத்திருந்தார்.

அரசாங்க ரேடியோவில் நிகழ்ச்சி தயாரிக்கும் அதிகாரி ஒருவர் சாரல் சீசனுக்கு வந்து மூன்றாம் எண்ணில் தங்கினார். மடைச்சாமி கதையைக் கேட்டு அருவிக்கே போகாமல் கிடந்தவர், முடிந்ததும் இறங்கி வந்தார். அண்ணாவியைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். அடுத்த நாள் மாடிப்படி அறையில் மூவரும் பேசியபோது நானும் இருந்தேன்.

"ரெக்கார்டைக் கொடுங்கம்மா. வெள்ளிக்கிழமை போடுறோம். லட்சம் பேர் கேப்பாங்க."

"மூணு மணி நேரமும் போடுவேளா?"

"கால் மணி நேரம்தான் இருக்கு. அதையே நான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். அதுக்கு முன்னால இந்தப் பாட்டுக்கு அதுவும் கிடையாது."

பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அம்மாள் அவரைக் கோபிக்கவும் இல்லை.

"லட்சம் பேரு ஒரு துண்டு கேக்கதுக்கு, என் பதினாலு ரூம்ல முழுசா கேக்கட்டும். நான் தரல."

அண்ணாவி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, கோவிக்கப்பிடாது. ஒங்க பதினாலு ரூம்ல பத்து ரூம்காரன் காதுல பஞ்ச வச்சிட்டுக் கெடக்கான். எனக்கு நாலு ஊருல கொடைக்குக் கூப்புடணும்லா? ரேடியோவுல பேரு வந்தா கூப்புடுவான். ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்."

அம்மாள் நாலு கேசட்டையும் அடுக்கி உள்ளே வைத்தார். பிறகு, "நான் யாரு தடுக்க? நேரா போயிப் பாடும். எந்த எடத்தப் பாடுவேரு?" என்று கேட்டார்.

"சாமி மடைக்குள்ள எறங்குத எடம். சனத்துக்கு அதுதான் பிடிக்கும்."

"வாழி?"

"அதுக்கு எங்கம்மா நேரம்? நன்றி வணக்கம்னு அவங்களே சொல்லிருவாவ."

வாழி என்பது கதை முடிந்ததும் கடைசியில் பாடுவது. சாமி வாழ்க, குளம் வாழ்க, ஆடுமாடு வாழ்க, கேட்டவர் வாழ்க என்று எல்லோரையும் பேர் சொல்லி வாழ்த்திப் பெண்கள் குலவையிட முடிப்பார்கள். சாவு வருகிற கதையை வாழி பாடாமல் விடுவது வழக்கமில்லை. கொடையில் சாமியாடியின்மேல் இறங்கிய சாமி வாழி கேட்டுத்தான் விட்டு இறங்கும் என்பார்கள்.

ஒலிபரப்பு நாளன்று மடைச்சாமி கோயில் இருந்த ஊரின் கிளைத் தபால் அதிகாரி என்னை அழைத்திருந்தார். கோயிலுக்கு முன்னால் மைக் செட் போட்டுப் புளியமரத்தில் குழாய் கட்டியிருந்தார்கள். ரேடியோவை ஒரு நாற்காலியில் வைத்துப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். ரேடியோவுக்கு மாலை போட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அந்தக் கோயில் சாமியாடிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. ஆடு மேய்ப்பவர். நெஞ்சில் இளைப்பு. இனி ஆடினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று தென்காசி டாக்டர் சொல்லி, அந்த வருஷக் கொடையில்கூட அவரை மகள் பேச்சி வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. அன்றைக்கு அவளே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"ரேடியோதானப்பா. ஒரு ஓரமா உக்காந்து கேட்டுட்டு வந்துருங்க" என்று நிழலில் உட்கார வைத்தாள். ஊரில் ஒருவரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. கொடையும் இல்லை, பந்தலும் இல்லை, வில்லும் இல்லை. பாட்டுக்காரர் எங்கோ திருநெல்வேலியில் ஓர் அறைக்குள் பாடியது.

அண்ணாவியின் குரல் குழாயில் வந்ததும் பெண்கள் சிரித்தார்கள். உடுக்கை வேகம் எடுத்தபோது கிழவரின் தோள் குலுங்கியது. பேச்சி பிடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம்.

"ஏலே, சாமி ரேடியோவுக்கே வந்துட்டாம்லே!" என்று ஒருவன் கத்தினான். குலவை போட்டார்கள்.

காவல்காரன் மடைக்குள் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, மூடியது. அண்ணாவியின் குரல் சன்னமாகிக்கொண்டே போய் மறைந்தது. ஒரு பெண் குரல் இனிமையாக, இதுவரை கேட்டது வில்லுப்பாட்டு என்று சொன்னது. அடுத்து பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி, கத்தரிக்காய், சின்ன வெங்காயம் என்ன விலை என்று சொல்லத் தொடங்கியது. ஒருவன் ஓடிப்போய் ரேடியோவை மூடினான்.

கிழவர் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார். பாட்டும் இல்லை, கொட்டும் இல்லை. அவர் கால் மண்ணில் உரசுவது மட்டும் கேட்டது. பூசாரி திருநீறு போட்டார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

"சாமி, போதும். மலையேறணும்."

"எனக்கு வாழி எங்கலே?" என்றார் கிழவர். அவருடைய குரலாக இல்லை. "என்னத் தண்ணிக்குள்ளேயே போட்டுட்டுப் போயிட்டியளே. வாழி எங்கலே?"

தெரிந்த வாழி ஒன்றை நாலு பெண்கள் பாடிப் பார்த்தார்கள். அது வேறு சாமிக்கு உரியது. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அண்ணாவியோ நாங்குநேரிப் பக்கம் ஒரு கொடைக்குப் போயிருந்தார். உதடு நீலம் பாய்வதைப் பார்த்துப் பேச்சி, "எங்கப்பா விழுந்துருவாவ, விழுந்துருவாவ" என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னாள். குற்றாலத்தில் கேசட் இருக்கிறது என்று நான் சொன்னேன். ஒரு வாடகைக் காரில் கிளைத் தபால் அதிகாரியும் நானும் போனோம்.

பெட்டிகள் பதினாலும் அன்று ஊமையாக இருந்தன. அம்மாள் மூடிய ரேடியோவின் முன் உட்கார்ந்திருந்தார்.

"நானும் கேட்டேன். வாழி இல்லாம விட்டுட்டான் பாத்தேளா. எரிச்சல்ல நான் இன்னும் ஒண்ணும் போடல."

விஷயத்தைச் சொன்னோம். உடனே நாலு கேசட்டையும் ஒரு மெஷினையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். பாதி வழியில் தபால் அதிகாரி மெல்ல ஆரம்பித்தார்.

"கடைசி கேசட்ட மட்டும் போட்டாப் போதும்லாம்மா?"

"மொதல்ல இருந்துதான் போடணும்."

"மூணு மணி நேரம்மா! ஆளு நிக்க மாட்டாவ."

"பாதியில விட்டதுனாலதான இப்படி நிக்காவ. இன்னொரு பாதியக் கொண்டுபோயி அவருகிட்ட எப்படிப் போடுவேன்?"

நான் அவர் கையைப் பார்த்தேன். நாலு கேசட்டையும் வரிசைப்படி அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆட்கள் கிழவரை அக்குளில் தாங்கியிருந்தார்கள். பேச்சி ஓடி வந்தாள்.

"அம்மா, ஒங்க கால்ல விழுதேன். முடிவ மட்டும் போடுங்க."

அம்மாள் மெஷினை மைக் செட்டோடு இணைத்து முதல் கேசட்டைப் போட்டார். குழாயில் சாமிகளை வரிசையாகக் கூப்பிடும் காப்புப் பாட்டு வந்தது. கூட்டம் கொதித்துவிட்டது.

"யம்மா, ஒமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இங்க ஆளு போவுது, நீரு காப்புப் பாடுதேரு!"

அவர் காதில் வாங்கவில்லை. நாற்காலியில் பூச்சரத்தோடு இருந்த ரேடியோவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

ஊரின் பெருமை வந்தது. குளம் வெட்டியது வந்தது. காவல்காரனைப் பெறப்போகிற தாய் தவம் இருந்தாள். கிழவரின் தோள் மெல்லத் தணிந்தது. பிள்ளை பிறந்து தாலாட்டு வந்தபோது முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்தார். "ஏட்டி, தண்ணி" என்றார். அது அவருடைய சொந்தக் குரல்.

"இப்பத்தான பொறந்திருக்கான். சாகாம எப்படிச் சாமியாவான்? ஆவாம எப்படி ஆளு மேல வருவான்?" என்று பூசாரி எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். எனக்கு விளக்கம் எதுவும் கிடையாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

கிழவர் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தார். பேச்சி துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். தூங்கிவிட்டார். அவரைத் தூக்கிப் பார்த்தார்கள். தொட்டதுமே உடம்பு உதறியது. அங்கேயே விட்டார்கள்.

"அம்மா, போதும். நிறுத்திருங்க" என்றாள் பேச்சி.

"வாழி பாடாமலா?" என்றார் பூசாரி. "மறுபடி பாதியில விட்டா அடுத்த மட்டம் யாரு மேல வந்து நிக்கும்னு தெரியாது."

"பாடட்டும் மாமா. ஆனா அதுக்கு முன்னால மடை வருமே. மடை வந்தா எங்கப்பா எந்திரிச்சிருவாவ. இன்னொரு மட்டம் எந்திரிச்சா அப்புறம் உக்கார மாட்டாவ."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். எல்லோரும் சிலோன்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் சுற்றுகிற நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கேசட் போயிற்று. மூன்றாவது வந்தது. கதையில் மழை பிடித்தது. குளம் நிறைந்தது. உடுக்கை மெல்ல வேகம் எடுத்தது. கிழவரின் வலது கால் பெருவிரல் அசைந்தது. பிறகு அடுத்த விரல். ஐந்து விரல்களும் அசைவதை நான் பார்த்தேன். பேச்சி இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை அமுக்கினாள்.

அம்மாள் எழுந்தார். மெஷினிலிருந்து மைக் செட்டுக்குப் போன கம்பியைப் பிடுங்கினார். புளியமரத்துக் குழாய் பட்டென்று அடங்கியது. "ஐயோ, நிறுத்திட்டா" என்றது கூட்டம். நிறுத்தவில்லை. மெஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே இருந்த சின்ன ஸ்பீக்கரில் அண்ணாவி ஈ பாடுவதுபோலப் பாடிக்கொண்டிருந்தார். அம்மாள் சத்தத்தை இன்னும் குறைத்தார். மெஷினை ஒரு பிள்ளையைப்போல மார்போடு சேர்த்துப் பிடித்து, முந்தானையால் மூடிக்கொண்டு, கோயிலுக்குப் பின்புறமாகக் குளத்துக்கரையை நோக்கி நடந்தார்.

முதலில் பூசாரி பின்னால் போனார். பிறகு பெண்கள் போனார்கள். பிறகு எல்லோரும். கரைமேல் அவர் உட்கார, சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து, தலைகளைக் குனிந்து காதைக் கொடுத்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். தலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் முடியவில்லை. நான் கோயில் மூலையில் நின்றேன். அங்கிருந்து இந்தப் பக்கம் கரையும் அந்தப் பக்கம் பேச்சியும் தெரிந்தது. கிழவரின் பாதத்தில் அவள் கை இன்னும் இருந்தது. விரல்கள் அடங்கியிருந்தன.

காவல்காரன் மடைக்குள் இறங்கியதும் செத்ததும் எனக்குக் கேட்கவில்லை. குனிந்திருந்தவர்களின் முதுகிலிருந்து தெரிந்துகொண்டேன். அம்மாள் கேசட்டை மாற்றியதைப் பார்த்தேன். வெயில் தணிந்து, மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கடைசியில் வாழி. ஒவ்வொரு வாழிக்கும் பெண்கள் குலவை போட வேண்டும். சத்தம் போனால் கிழவர் எழுந்துவிடுவார். ஒருத்தி தலையை நிமிர்த்தி, வாயைக் குவித்து, நாக்கை அசைத்தாள். குரல் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளும் அப்படியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரை முழுக்கப் பெண்கள் வாயைக் குவித்துச் சத்தமே இல்லாமல் குலவை போட்டார்கள். சிலோன்காரம்மாவும் போட்டார்.

நாடா தீர்ந்து பட்டன் தானாக மேலே எழும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கோயிலுக்கு முன்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கிழவர் மகளின் தோளைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தார்.

"ஏட்டி பேச்சி, பொழுது எறங்கிட்டே. ஆட்டை யாரு பத்திட்டு வந்தா?"

"சித்தப்பா பத்திட்டு வந்துட்டாவப்பா."

"எல்லாம் வந்துட்டாட்டி?"

"எல்லாம் வந்துட்டுப்பா."